மொனிற்றருக்கு அரை ரிக்கற்

தையல் நாடாவால் கேசின் உட்புறத்தை அளந்தேன்.
இருநூற்றித் தொண்ணூறு மில்லிமீற்றர்.
வாங்க நினைத்த கார்ட் முந்நூற்று நாலு.
பதினாலு மில்லிமீற்றர்,
என் பெருவிரல் நகத்தின் அகலம்.
அதற்குள் சிக்கி நின்றது
ஒரு வருடச் சீட்டுக்காசு.

"ஹார்ட் டிஸ்க் கூட்டை வெட்டுவம் மிஸ்" என்றார்
பக்கத்து வளவில் அலுமினியக் கதவு செய்யும் சுமணசிறி.
எந்தக் கேள்விக்கும் அவரிடம் கிரைண்டர்தான் பதில்.

பழைய கார்டைக் கழற்றினேன்.
விசிறிக்குள் பூனைமயிர், சாம்பிராணிக் கரி,
உப்புவெளிக் காற்று கொண்டுவந்த பொடிமணல்.
எட்டு வருடமாய்
இந்த வீட்டைத்தான் மூச்சிழுத்திருக்கிறது.
ஸ்குரூ இரண்டும் துரு.
கடலோரத்தில் இரும்புக்குச் சீக்கிரம் நரைக்கும்.

பம்பலப்பிட்டியில் வாங்கி
புறக்கோட்டையில் இரவு பஸ்.
கார்ட் மடியில்,
மொனிற்றர் நடைபாதையில் நின்றபடி.
"யாற்ற ரிவி இது?"
"ரிவி இல்லை அண்ணை."
"என்னவெண்டாலும் இடம் பிடிக்குதே"
என்று அரை ரிக்கற் கிழித்தார் கண்டக்டர்.

ஹபரணையில் யானைக்காக நின்றோம்.
எல்லோரும் யன்னலுக்குப் பாய
நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
யானையை நான் பார்க்கவில்லை.

கந்தளாய் தாண்டியதும்
கை தானாகப் பைக்குள் பற்றுச்சீட்டைத் தேடியது.
மறிக்க இப்போது அங்கே ஒருவருமில்லை.
ஒரு தேநீர்க்கடை,
விட்டுவிட்டு எரியும் ஒரு குழல்விளக்கு.
ஆனாலும்
பெட்டிக்குள் என்ன என்று கேட்டால் சொல்ல
ஒரு வசனம் வைத்திருந்தேன்,
மூன்று மொழியிலும்.

"பிரிட்ஜ் எண்டெல்லோ சொன்னனீ" என்றார் அம்மா.
சொன்னேன்தான்.
பகல் முழுக்க அடகுக் கவுண்டரில்
பிறர் தாலிக்கொடியை உரைத்துப் பார்ப்பவள்
ஒன்பது மணிக்குப் பிறகு
பனிமலையில் லொறி ஓட்டுகிறேன்.
மரக்குற்றி ஏற்றி, உறைந்த ஆற்றைக் கடந்து.
அங்கே ஒருவரும்
பவுணுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதில்லை.

மூன்றாம் நாள் விளங்கியது,
பவர் சப்ளை காணாது.
லொறி மேடேறும் ஒவ்வொரு முறையும்
திரை கறுத்து, விசிறி நின்று,
அறைக்குள் கடல் கேட்கும்.
அதற்கும் ஒரு பதினெட்டாயிரம்.
அம்மாவுக்கு அந்தக் கணக்கு இன்னும் தெரியாது.

பிறகு மூன்று கிழமை
"என்ன வழுக்கு, என்ன வித்தியாசம்" என்று
வங்கியில் காண்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
மனேஜர்கூடத் தலையாட்டினார், பாவம்.

போயா லீவில்
வேறெதையோ தேடி செற்றிங்ஸைத் திறந்தால்
அறுபதில் நிற்கிறது.
நூற்றி அறுபத்தைந்துக்குக் காசு கொடுத்துவிட்டு
அறுபதைப் பார்த்துப் புகழ்ந்திருக்கிறேன்.
உரைகல்லில் ஒரு கீறலில்
செம்பு எவ்வளவு என்று சொல்லும் கண் இது.

சுற்றிப் பார்த்தேன், ஒருவருமில்லை.
மாற்றினேன்.
ஒரு நொடி இருண்டு
திரும்பி வந்தது திரை.

லொறியை எடுக்கவில்லை.
மவுஸின் அம்பை மட்டும் வட்டமாய்ச் சுற்றினேன்.
முந்தியெல்லாம் அது
கல்லுக்குக் கல் தாவித்தான் போகும்.
இப்போது எண்ணெய் போல.
சுற்றினேன். இன்னும் சுற்றினேன்.
கோப்பியில் ஆடை படிந்தது.

பழைய கார்ட் கிண்ணியாவில்
பஸ்லியாவின் கல்யாண வீடியோக் கடையில்.
பாதிக் காசு தந்தாள், மீதி பெருநாளைக்குப் பிறகு.
அப்போதுதான் அவள் குரல் வந்தது போனில்:

"மாப்பிள நடந்து வாற சீன்
முந்தி ஒரு ராவு எடுக்கும்,
இப்ப சுபஹுக்கு முன்னமே முடியிது.
ஆனா ஒண்டு கேக்கணும்,
விசிறி சுத்தக்குள்ள மேசையெல்லாம் மணல் கொட்டுது.
இதென்ன, உங்கட கடக்கரையயும் சேத்தா வித்தீங்க?"

பிறஷ் போட்டுத்தான் கொடுத்தேன்.
ஒரு கையால் அதைத் தட்டச்சு செய்கிறேன்.
மற்றக் கை
அம்பை விடுவதாயில்லை.