கொதித்தும் வேகாதது

திரினிதாதில் ஏறிய பேருந்தில்
என் மடியில் இருந்த சிப்ஸ் பொட்டலம்
யுங்காஸ் மலைவளைவுகளில் உப்பத் தொடங்கியது.
யாரும் அதற்குள் ஊதவில்லை.
பக்கத்து இருக்கைக்காரர்
அது வெடிக்குமென்று விலகி உட்கார்ந்தார்.
எல் ஆல்ட்டோவில் இறங்கும்போது
அது தலையணை.
காற்றுப்போனவள் நான்தான்.

முதல் நாளே பீன்ஸ் என் பொறுப்பு.
பேருந்து ஓட்டுநர் சங்கத்துச் சமையற்கட்டு,
நாற்பது கிண்ணம், பகல் பன்னிரண்டுக்கு.
விடியாத ஐந்து மணிக்கு அடுப்பேற்றினேன்.
தண்ணீர் தளதளத்தது,
எங்கள் ஊரைவிடச் சீக்கிரமே.
கெட்டிக்கார ஊர் என்று நினைத்தேன்.
பத்து மணிக்கு ஒன்றை நசுக்கிப் பார்த்தேன்:
கூழாங்கல்.
பதினொன்றுக்கு
சற்றே ஊறிய கூழாங்கல்.

தீயைக் கூட்டினேன்.
குமிழிகள் கூத்தாடின, மூடி துள்ளியது,
ஆவியில் சன்னல் மறைந்தது.
எரிவாயு தீர்ந்ததுதான் மிச்சம்.
தலைமைச் சமையற்காரி சாத்துர்னினா
அகப்பையால் பானையைத் தட்டிச் சொன்னாள்:
"இங்கே எல்லாம் சட்டென்று கொதிக்கும், தெல்மிரா.
வேகாது."
வியாழக்கிழமை சங்கக் கூட்டத்தைப் பார்த்தபிறகுதான்
அவள் பீன்ஸைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று புரிந்தது.

நான் நம்பவில்லை.
பாலாடைக்கட்டி விற்கும் இலாரியாவிடம்
வெப்பமானி இரவல் வாங்கினேன்.
கொதிநீரில் முக்கினால்
எண்பத்தாறு.
நூறு என்றல்லவா பள்ளியில்
தலையில் குட்டிக் குட்டி ஏற்றினார்கள்?
பொய் சொல்கிறது கண்ணாடிக் குச்சி.
முற்றத்து வாளியில் இரவெல்லாம் உறைந்த பனியை
உடைத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கி
மறுபடி முக்கினேன்.
பூஜ்ஜியம். அட்சரம் பிசகாமல்.
உறைவதில் இந்த ஊருக்கும் என் ஊருக்கும்
பேதமில்லை.
கொதிப்பதில்தான்.

அன்றிரவு மூன்று கம்பளிக்கு அடியில்
மூச்சு வாங்க வாங்க யோசித்தேன்.
தண்ணீருக்குள் இருப்பவை
வெளியேறத் துடித்துக்கொண்டேதான் இருக்கின்றன.
திரினிதாதில் அவற்றின் தலைமேல்
பருத்த உடம்போடு காற்று உட்கார்ந்திருக்கிறது,
நூறு காட்டாமல் யாரையும் விடுவதில்லை.
இங்கே வாசலில் காவல் குறைவு,
எண்பத்தாறுக்கே கதவு திறந்துவிடுகிறது.
அதற்குமேல் எவ்வளவு மூட்டினாலும்
ஆவியின் தோளேறிப் போய்விடுகிறது சூடு,
பீன்ஸுக்காக நிற்பதில்லை.

பிராணவாயுவும் அப்படித்தான்.
ஐந்தில் ஒரு பங்கு, அங்கும் அதே, இங்கும் அதே.
பங்கு குறையவில்லை.
பந்திதான் சிறுத்துவிட்டது.

மறுநாள் சாத்துர்னினா
பரணிலிருந்து பெரிய குக்கரை இறக்கினாள்.
"இருக்கிறது என்று ஏன் நேற்றே சொல்லவில்லை?"
"நீ கேட்கவில்லையே."
புது ரப்பர் வளையம் வாங்க
என்னைத்தான் அனுப்பினாள், என் காசில்.
மூடியை இறுக்கினோம்.
திரினிதாதின் கனத்த காற்றில் ஒரு குக்கர் அளவு
நாங்களே செய்துகொண்டோம்.
அதற்குள் தண்ணீர்
கொதிக்கத் தவித்து, முடியாமல்,
நூறைத் தாண்டிப் போயிற்று.
பீன்ஸ் விரலுக்கு இணங்கியது.
ஓட்டுநர் ஃப்ரொய்லான் இரண்டாம் கிண்ணம் கேட்டார்.
உப்பு பற்றாது என்றும் சொன்னார்.

ஆகஸ்டில் ஊருக்குப் போனேன்.
எல் ஆல்ட்டோ நிலையத்தில் குடித்து முடித்து
இறுக மூடிப் பையில் போட்ட பாட்டிலை
மறந்தே போயிருந்தேன்.
திரினிதாதில் பையைத் திறந்தால்
கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.
"யார் மிதித்தது?" என்றான் தங்கை மகன் ரெனான்.
மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸென்று ஒரு மூச்சு உள்ளே போயிற்று.
படபடவென்று நிமிர்ந்தது பிளாஸ்டிக்.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை.
கோபமா என்று கேட்டார்கள்.
இல்லை,
மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.