ஒரு காசு வித்தியாசத்தில்

புக்கிட் பாத்தோக் இன்டர்சேஞ்சில்
என் வண்டிக்கு ஏழு நிமிட ஓய்வு.
10:14க்கு ஏலம் முடிகிறது.
10:15க்கு நான் கிளம்ப வேண்டும்.
கழிப்பறையா காசா என்று யோசித்து
காசு என்று முடிவெடுத்தேன்.

1919. சதுரச் செம்பு.
மூலைகளை மட்டும் மழுக்கியிருப்பார்கள்,
சட்டைப்பை கிழியக்கூடாது என்றோ என்னவோ.
ஒரு பக்கம் முடிசூடிய ஜார்ஜ்,
மறுபக்கம் முத்து வளையத்துக்குள் தனியாக ஓர் ஒன்று.
படத்தில் அதன் சிவப்பு இன்னும் ஆறவில்லை.
விற்பவர் ஈப்போக்காரர். தபால் செலவு தனி.

ஆறு நாளாகப் பன்னிரண்டு வெள்ளியில்
படுத்துக் கிடந்தது.
யாரும் எழுப்பவில்லை, நானும்தான்.
அதை எழுப்பினால்
விலையும் கூடவே எழுந்துகொள்ளும்.

ஓடிவருகிறவர்களை எனக்குத் தெரியும்.
பதினொரு வருடமாக
இடப்பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன்.
ஒரு கையில் கோப்பிப் பை ஆட,
மறுகையை விசிறிக்கொண்டு,
கதவு மூச்சுவிடும் சத்தம் கேட்ட பிறகுதான்
சிலருக்குக் கால் முளைக்கும்.

மூன்று நட்சத்திரம் அந்த ரகம்.
பெயரே அதுதான். முன்னால் ஓர் எழுத்து,
பின்னால் ஓர் எண்,
நடுவில் இருப்பதை மறைக்க மூன்று நட்சத்திரங்கள்.
மார்ச்சில் ஒரு கால்காசு போனது.
தீபாவளிக்கு மறுநாள்
விக்டோரியா அரைக்காசும் போனது.
ஆணா பெண்ணா தெரியாது.
தூங்குவதில்லை என்று மட்டும் தெரியும்.

வட்டத் தொகை போடக்கூடாது.
அது பட்டுக் கற்றது.
94 வெள்ளி 58 காசு.
நான் முதலில் ஓட்டிய வண்டியின் பலகையில்
கடைசி இரண்டு எண் 58.

பத்து நொடி. எழுபத்தொன்றில் நிற்கிறது.
பக்கத்து வண்டியிலிருந்து ஹஸ்லிண்டா
சாப்பிட்டாயா என்று கைச்சாடையில் கேட்கிறாள்.
ஏழு.
ஐந்து. கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்தேன்.
நான்கு.
அழுத்தினேன்.
திரை பச்சையானது. முன்னணியில் நீங்கள்.
நீங்கள் என்று மரியாதை வேறு.
மூன்று, இரண்டு,

ஒரு சிமிட்டல்.
94 வெள்ளி 59 காசு.

ஒரு காசை
ஒரு காசில் விட்டேன்.
இந்த ஊரில் அதை வெளியிடுவதையே நிறுத்தியாயிற்று.
கீழே கிடந்தால் குனிவார் இல்லை.
கடையில் ரொக்கமாக நீட்டியிருந்தால்
எங்கள் இருவரிடமுமே
தொண்ணூற்று நான்கு அறுபது என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அது ஆளே இல்லை, மென்பொருள் என்கிறார்கள்.
இருக்கலாம்.
ஆனால் மென்பொருளுக்கு
59ஐப் பிடிக்க என்ன காரணம் இருக்கும்?
யாரோ ஒருவருக்கு அது வீட்டு எண்.
அல்லது வயது.
அல்லது என்னைப்போல்
ஒரு காலத்தில் ஓட்டிய ஏதோ ஒன்று.

10:15. கதவு மூடிக்கொண்டிருக்கும்போது
கண்ணாடியில் ஒருத்தி, செருப்பைக் கையில் பிடித்து.
திறந்தேன்.
ஒரு நொடி முன்பு மூடியிருந்தால்
ஒழுங்கு விதிப்படி அதுவும் சரிதான்.
அட்டையில் பணம் இல்லையாம். பையைத் துழாவி
சில்லறையை ரொக்கப் பெட்டியில் கொட்டினாள்.
இருபது காசு கூடுதல்; என் காதே சொல்லிவிடும்.
மீதி தருவதில்லை என்று பலகை இருக்கிறது,
அதை அவளும் பார்த்தாள், தோளைக் குலுக்கினாள்,
மேல்மூச்சு வாங்கக் கம்பியைப் பிடித்து நின்றாள்.
ஜெயித்த முகம்.

கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

வியாழன் இரவு இன்னொன்று முடிகிறது.
1926, விளிம்பில் சிறு வெட்டு,
பதினாறு வெள்ளியில் தூங்குகிறது.
அறுபத்து மூன்று வெள்ளி, பத்தொன்பது காசு.
இல்லை, இருபத்தொன்று.
அடுத்த சிவப்பு விளக்கில்
இருபத்திரண்டு.