வெட் ப்ளூ

மூன்றாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே
ஒரு படம் மாட்டியிருந்தது.
கண்ணாடி இல்லை, சட்டம் மட்டும்.
ஆளில்லை அதில், மரமில்லை, வீடில்லை.
முழுக்க நீலம். நீலம் என்றால்
சாம்பல் கலந்த, கொஞ்சம் பச்சைக்கு இழுக்கிற,
ஈரம் காயாத நீலம்.

அந்த நிறத்துக்கு எங்களிடம் பெயர் உண்டு.
ராணிப்பேட்டையில் பதினாறு வருஷமாக
தோலுக்குச் சாயம் சேர்க்கிறவன் நான்.
பழுப்பில் மட்டும் முப்பது பழுப்பு தெரியும்.
வாங்குகிறவன் அனுப்பிய துண்டை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
இன்னும் ஒரு சிட்டிகை கறுப்பு என்று சொல்லத் தெரியும்.
குரோமில் ஊறி டிரம்மிலிருந்து இறங்கும் தோல்
இந்த நீலத்தில்தான் இறங்கும்.
வெட் ப்ளூ என்போம்.
அடுக்கிவைத்தால் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த ராத்திரி
கழிவுத் தொட்டியிலிருந்து ஜெயசீலனைத் தூக்கியபோது
நகமெல்லாம் அதே நிறம்.
டார்ச் என் கையில் இருந்தது.
என் தொழில் புத்தி, சனியன்,
தம்பி என்று கத்துவதற்கு முன்னால்
நிறத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

பதினோரு நாள் அந்தப் படத்துக்கு எதிர் நாற்காலி.
பக்கத்தில் நிமாய் பாபு, பாங்குராவிலிருந்து வந்தவர்,
மகளுக்கு இருதய வால்வு.
அவருக்கு அது குளம். மீன் விட்ட குளம்.
இதோ பாசி, இதோ படித்துறை என்று
அரைத் தமிழிலும் மிச்சம் கையாலும் காட்டினார்.
தூண்டில் வீசியும் காட்டினார், நர்ஸ் முறைத்தாள்.
குடியாத்தத்து அம்மாள் ஒருத்தி
சாயம் ஒட்டாத கைலி என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
ஒரு சின்ன டாக்டர் செல்போனில் பேசியபடி
அதன் மேலேயே சாய்ந்துகொண்டார்.
அவருக்கு அது சுவர்.

கீழே ஒரு சீட்டில் தலைப்பு: மழைக்கு முன்.
மழையா?
எங்கேயோ மொட்டைமாடியில் உட்கார்ந்து
மேகம் பார்த்து, டீ குடித்து ஒருவர் வரைந்தது
என் தம்பி விரலில் எப்படி ஏறியது?

ஆனாலும் தினமும் எழுந்து போய்
வலது கீழ் மூலையைத் தொட்டேன்.
அங்கே ஓரிடத்தில் நீலம் லேசாக வெளுத்திருந்தது,
கலர் பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு.
வெளுப்பு கூடினால் நகம் சிவக்கும் என்று ஒரு கணக்கு.
யாரிடமும் சொல்லவில்லை.

தொடாதேன்னு போர்டு கீது, பாக்கல?
தரை துடைக்கிற மார்த்தாள், சத்துவாச்சாரிக்காரி.
அப்புறம் அவளே குரலைத் தாழ்த்தி,
எல்லாரும் அங்கியேதான் தொடுறாங்கோ.
படம் பூரா தூசி தட்டுவேன்,
அந்த மூலைய மட்டும் வுட்டுடுவேன்.

உனக்கு இன்னா தெரியுது இதுல?

இன்னா தெரியும். ஒம்போது வருசமா
கோணலா தொங்குது. அதான் தெரியுது.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

இப்போது ஜெயசீலன்
காட்பாடி பாகாயம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.
தொட்டியைப் பற்றிக் கேட்டால் ஞாபகம் இல்லை என்பான்.
நகம் சிவப்புதான், ஓரத்தில் கிரீஸ்.
போன மாசம் செக்கப்புக்கு வந்தபோது
மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனேன்.
பெண் பார்க்கப் போன அன்று போல
நெஞ்சு அடித்துக்கொண்டது.
படம் அங்கேயேதான். கோணலாக.

பார்த்தான். ஒரு கொட்டாவி.
இதுல இன்னாண்ணா கீது? வெறும் நீலம்.

நானும் பார்த்தேன்.
வெட் ப்ளூ வரவில்லை. மழையும் இல்லை.
குளம் மட்டும் ஒரு கணம் வந்து போனது
நிமாய் பாபுவின் கை வீச்சோடு.
அவர் மகள் என்ன ஆனாள், தெரியாது.

திரும்பியவன் நின்றான்.
குனிந்து மூலையைப் பார்த்தான்.
இங்க மட்டும் இன்னாத்துக்குத் தேஞ்சி கீது?

யாராவது தொட்டிருப்பாங்க என்றேன்.

சரி வா, என்றான்,
வண்டிய நோ பார்க்கிங்குல வுட்டுட்டு வந்துகிறேன்.