தாமதக் குறியீடு

லாப்ரடார் சிட்டி, ஜனவரி.
மைனஸ் முப்பத்தாறு.
சுரங்கத்தின் விளிம்பில் ஒரு கன்டெய்னர் அறை,
எனக்கு ஆறு திரைகள்,
என் இடது காலை மட்டும் அறிந்த ஒரு ஹீட்டர்.

கீழே, படிபடியாய் வெட்டி இறக்கிய பள்ளத்தில்
இருபத்தேழு லாரிகள்.
திரையில் புள்ளிகள்.
பச்சை என்றால் ஓடுகிறது,
மஞ்சள் என்றால் ஷவலுக்குக் காத்து நிற்கிறது,
சிவப்பு என்றால் நான் காரணம் எழுத வேண்டும்.

இந்தக் குளிரில் எஞ்சினை அணைக்க முடியாது.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்;
இங்கே யானை சும்மா நிற்பதற்கே
மணிக்கு முப்பது லிட்டர் டீசல்.

இரும்புத் தாதின் விலை இறங்கிய வாரம்
ஷெல்டன் வந்தார்.
"டன்னுக்கு நாற்பது சென்ட்" என்றார்.
குறைக்க வேண்டிய தொகை.
கொண்டுவந்த காப்பியை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

எழுத்துக்கே மாத்திரை வைத்து அளந்த மொழிக்காரி,
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு;
விநாடி எண்ணுவது எனக்குப் புதிதில்லை.

முப்பத்தொன்று என்று எண்ணிட்ட லாரி
ஆறாம் வளைவின் ஏற்றத்தில்
நடைக்குப் பதினோரு விநாடி இழந்துகொண்டிருந்தது.
பகலில் நோரீன் பார்டி ஓட்டினாலும்
இரவில் அவள் கணவன் கெர்ஷம் ஓட்டினாலும்
அதே பதினொன்று.
ஷிஃப்டுக்கு இருபத்திரண்டு நடை:
நான்கு நிமிடம், மேலே இரண்டு விநாடி.

கண்டித்து எழுதுமுன்
ஏணி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.
வளைவு வந்தது.
பிரேக்கைத் தொடவில்லை அவள்,
பெடலிலிருந்து கால் மெல்ல எழுந்தது.
"அடியில ஊத்து இருக்கு. கல்லு துருத்திக்கிட்டே இருக்கும்.
நம்பலேன்னா டயரைக் கேளு."

கேட்டேன், பதிவேட்டில்.
மற்ற லாரிகளின் டயர் நாலாயிரத்து எண்ணூறு மணி,
இவர்களுடையது ஆறாயிரத்து நூறு.
ஒரு டயரின் விலை
என் மூன்றாண்டு வாடகை.

சிவப்பை அழித்தேன்.
கிரேடர் போய் வளைவில் சரளை நிரவியது.
எல்லா ஓட்டுநருக்கும் ஓர் அறிவிப்பு: அங்கே நிதானம்.
டன்னுக்கு ஒன்பது சென்ட் மிச்சம்.
அறிக்கையில் 'சாலைப் பராமரிப்பு' என்று போட்டார்கள்;
நோரீன் என்ற சொல் அந்தப் பத்திக்குள் நுழையவில்லை.
நானும் நுழைக்கவில்லை.

இன்னும் முப்பத்தொரு சென்ட்.

ஷிஃப்ட் மாற்றத்தில் கிடைத்தது.
லாரிகள் எல்லாம் மேலே வந்து வரிசையில் நின்று
ஆள் இறங்கி ஆள் ஏற இருபத்திரண்டு நிமிடம்.
பஸ்ஸை ஷவலடிக்கே அனுப்பினால் ஒன்பது போதும்.
பதின்மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, இருபத்தேழு லாரி:
எழுநூற்றிரண்டு நிமிடம்.
அழகான கணக்கு.
ஷெல்டன் கை குலுக்கினார்.

பிறகுதான் தெரிந்தது,
அந்த இருபத்திரண்டு நிமிடத்தில்தான்
பார்டி வீட்டுக் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.
ஏணியின் அடியில்
கார்ச்சாவி கைமாறும்,
பக்கத்து வீட்டில் தூங்கும் மகளுக்கு
அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பது கைமாறும்,
சில நாள் ஒரு சண்டை தொடங்கும்,
முடிக்கவும் நேரம் இருக்கும்.

யாரும் புகார் சொல்லவில்லை.
கேண்டீனில் நோரீன் என்னிடம் உப்பு கேட்டாள்.
கொடுத்தேன். நன்றி என்றாள்.

இன்று புது முறையின் பத்தொன்பதாம் நாள், காலை ஆறு மணி.
இருபத்தாறு புள்ளிகள் ஒன்பது நிமிடத்துக்குள் பச்சை.
முப்பத்தொன்று மட்டும்
ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.

சிவப்பு.
திரை காரணம் கேட்கிறது:
எரிபொருள், பழுது, சாலை, வானிலை, மற்றவை.
மற்றவை என்றால் விளக்கம் எழுதச் சொல்லும்.

வானிலை என்று போட்டேன்.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
பொய் என்று யார் சொல்ல முடியும்?