பதினான்காம் கேள்வி

அந்தப் படிவத்தை எழுதியவள் நான்தான்.
கோவை விமான நிலையத்தில்
சென்னை விமானம் தாமதமான ஒரு காலை,
காபி ஆறுவதற்குள்.
நன்கொடை கேட்டு வருகிறவர்களை
வடிகட்ட இருபது கேள்விகள்.
கண்ணாடிக் கதவில் என் பெயருக்குக் கீழே
துணைத் தலைவர் என்றிருந்த காலம்.

இப்போது திருப்பூரில், மூன்று சந்து உள்ளே தள்ளி
நூல் குடோனாக இருந்த கூடத்தில்
அதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
சுற்றிலும் நாற்பத்தொரு குழந்தைகள் தூங்குகின்றன.
அம்மாக்களுக்கு ஒண்ணரை ஷிப்ட்,
சரக்கு அவசரமென்றால் ரெண்டு.

சேவைக்குப் போயிட்டீங்களாமா என்கிறார்கள்
கல்யாண வீடுகளில், கையைப் பிடித்துக்கொண்டு,
ஏதோ சீக்கு விசாரிப்பது போல.
சம்பளம் வாங்குகிறேன் என்கிறேன்.
எவ்வளவு என்று கேட்கிறார்கள்.
சொன்னதும் கையை விட்டுவிடுகிறார்கள்.

வந்த முதல் வாரம்
வெள்ளைப் பலகையில் காலாண்டு இலக்குகளை எழுதினேன்,
மூன்று நிறங்களில்.
மறுநாள் பூவாத்தா அதைத் துடைத்துவிட்டு எழுதியிருந்தாள்:
பால் 9. ரூபிக்கு பேதி. டெட்டால் தீந்துபோச்சு.
இருபத்தாறு வருடத்தில்
இதைவிடத் தெளிவான அறிக்கை
என் மேஜைக்கு வந்ததில்லை.

ஒருமுறை ஹாம்பர்க்கிலிருந்து கேட்டார்கள்,
பதினோரு நாள் முன்னதாகத் தர முடியுமா.
முடியும் என்றேன்.
மூன்றெழுத்து.
அந்த 'முடியும்' அன்றிரவு
யார் வீட்டுக் கதவைப் பூட்டியது,
எந்தக் குழந்தையை
அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே விட்டுப்போனது,
நான் கேட்கவில்லை.
எங்கள் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

போன வாரம் பழைய கம்பெனிக்குப் போயிருந்தேன்.
வாட்ச்மேன் பொங்கியண்ணன்
பழக்கதோஷத்தில் சல்யூட் வைத்துவிட்டார்.
பிறகு தலையைச் சொறிந்து
பார்வையாளர் அட்டையை நீட்டினார்.
"கோவிச்சுக்காதீங்க மேடம்,
ஒரு கையெழுத்துப் போடோணுங்க."
வந்த நேரம் எழுதினேன்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

மேலே, என்னிடம் பயிற்சிக்கு வந்த பிரதீபன்
என் பழைய ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.
எழுந்து நின்றான். உட்காரச் சொன்னான்.
ஒரு குழந்தைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு
என்று கேட்டான்.
நல்ல கேள்வி. நான் கற்றுக்கொடுத்தது.
எழுபத்திரண்டு ரூபாய் என்றேன்.
குறைக்க முடியுமா என்றான்.
அதுவும் நான்தான்.

பதினான்காம் கேள்வி:
எங்கள் நிதி நின்றுபோனால்
இந்தப் பணியை எவ்வாறு தொடர்வீர்கள்?
நூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல்.

மூன்று இரவாக அதில் நிற்கிறேன்.
பிரதீபனுக்குப் போன் செய்து
அதை மட்டும் எடுத்துவிடேன் என்றேன்.
"உங்க கேள்விங்க மேடம்," என்றான்,
"கை வைக்க யாருக்கும் தைரியமில்லை."

தெரிந்த பதில்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.
பல்வகை நிதி மூலங்கள். சமூகப் பங்கேற்பு.
பிறர் எழுதி வந்தபோது
பக்கத்தில் சரி போட்டிருக்கிறேன்.
இன்று ஒரே வரி எழுதினேன்:
இரவு வேலை நிற்கிற அன்று
நாங்களும் நின்றுகொள்கிறோம்.

சொற்கள் போதவில்லை என்று
கட்டம் சிவப்பானது.

மணி ஒண்ணரை.
கேட்டருகே செருப்புகள் உதறும் சத்தம்.
முடியெல்லாம் பஞ்சோடு சுமித்ரா உள்ளே வருகிறாள்,
ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாதம்.
குழந்தைகள் மாறிவிடக் கூடாதென்று
எண் போட்ட அட்டை செய்து வைத்திருக்கிறேன்,
ஒவ்வொரு மணிக்கட்டிலும், பார்கோடுடன்.
அவள் விளக்குப் போடவில்லை.
ஒட்டுக்காகப் படுத்திருக்கும் பன்னிரண்டு முதுகுகளில்
ஒன்றை மட்டும் குனிந்து
அள்ளிக்கொண்டு போகிறாள்.

பேரேட்டில் நேரம் குறிக்கிறேன்.
நாற்பது.