ஒரு சுற்றுப் பிசகு

திருமங்கலம் கால்வாயில் தண்ணீர் விட்டு ஆறு நாள்.
செல்லம்பட்டிப் பக்கம் எங்கும்
சேறு கலக்குகிற சத்தம்.
ஒச்சம்மா வீட்டு வேப்பமரத்தடியில் மட்டும்
ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிச் சுற்றி ஓய்கிறது.

புது லைனர், புது பிஸ்டன், புது ரிங்கு, புது கேஸ்கட்.
எண்பத்து நாலாயிரம்.
நான்தான் பிரித்தேன். நான்தான் பூட்டினேன்.
"எல்லாம் புதுசு போட்டா ஓடும்னீங்கள்லண்ணே"
என்கிறாள். கோபமாக இல்லை,
ரசீது கேட்கிற மாதிரி.

வெள்ளைப் புகை வருகிறது.
டீசல் போகிறது, எரியாமல் திரும்புகிறது.
சைலன்சர் பக்கம் நின்றால் கண் கரிக்கிறது.

காற்று எடுத்தேன். கைப்பம்பை அமுக்கி அமுக்கி
நுரை அடங்கித் தெளிவாக வழியும்வரை.
நாஸில் நாலையும் கழற்றி
வானம் பார்க்க வைத்து
இதிரீஸைச் சாவி போடச் சொன்னேன்.
நாலும் பனியாகப் பீச்சின. அவன் சிரித்தான்.
துளையில் விரல் வைத்தேன், தள்ளி எறிந்தது.
ஸ்டாப் கேபிளைப் பார்த்தேன். ரெண்டு தடவை.
பேட்டரி செத்தது.
பின்னன் மகன் வேன் பேட்டரியைக் கழற்றி வந்தான்.
அதுவும் சோர ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்த போனைப் பண்ணினேன்,
சிம்மக்கல்லில் பம்ப் வேலை பார்க்கிற தனுஷ்கோடிக்கு.
நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.
"என்ன லட்சணத்துல செட் பண்ணிக் குடுத்தீரு?"
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"மொத சிலிண்டர் வால்வப் பாத்தீகளா?" என்று கேட்டு
வைத்துவிட்டார்.

பார்க்கவில்லை.

ராக்கர் கவரைக் கழற்றுவதற்குள் இருட்டிவிட்டது.
இதிரீஸ் பைக் ஹெட்லைட்டைத் திருப்பினான்.
புல்லியில் ஸ்பேனரைக் கொடுத்து மெல்ல, மெல்லச் சுற்றினேன்.
பம்ப்பின் முதல் வாயில்
டீசல் மினுங்கி எழும்பியது.
ஃப்ளைவீலில் குறி நேருக்கு நேர்.
முதல் சிலிண்டரிலோ
ஒரு வால்வு மூடிக்கொண்டிருந்தது,
ஒரு வால்வு திறந்துகொண்டிருந்தது.

பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும்.
ஒரு முறை எரிய.
ஒரு முறை, எரிந்ததை வெளியே தள்ள.
குறி ஒன்றுதான்.
இரண்டு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கும்,
எந்த முறை என்று சொல்லாது.

பம்ப் மாட்டிய செவ்வாய்க்கிழமை
பாதி வேலையில் அண்ணன் கூப்பிட்டான்,
ஆரப்பாளையம் வீட்டுப் பத்திரம் விஷயமாக.
பேசிக்கொண்டே க்ராங்கைத் திருப்பினேன்.
பேசிக்கொண்டே போல்ட்டை இறுக்கினேன்.
அவன் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.
க்ராங்கு எத்தனை சுற்று வந்தது என்பது
இல்லை.

கப்ளிங்கை விட்டு, பம்ப்பை அசைக்காமல்,
க்ராங்கை மட்டும் ஒரு முழுச் சுற்று.
இருபது நிமிஷ வேலை.

சாவி.
ஒரு இருமல். இன்னொன்று.
பிறகு நாலும் சேர்ந்துகொண்டு
மரத்தில் அடைந்திருந்த காக்கைகளைக் கிளப்பின.

அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன்:
"பம்ப்புல குத்தமில்ல. நான் மாட்டுனதுதான்."
கேட்காது என்றுதான் அந்தச் சத்தத்தில் சொன்னேன்.

ஒச்சம்மா மடியை அவிழ்த்து மிச்சக் கூலியை எண்ணினாள்.
ஒரு ஐந்நூறை உருவிப் பின்னன் மகனிடம் நீட்டினாள்,
பேட்டரிக்கு.
இன்னொரு ஐந்நூறை உருவி
மடியிலேயே செருகிக்கொண்டாள்.
எதற்கென்று அவள் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
"மொத அம்பது மணி நேரம் ரொம்ப இழுக்க விடாதம்மா" என்றேன்.
தலையாட்டினாள்.
கண் வயலில் இருந்தது.

தனுஷ்கோடிக்குக் காலையில் பண்ண வேண்டும்.
ஸ்பீக்கரில்.