செக்குபந்தி

வக்கீல் எதுக்கு மேடம் என்றார் முனிராஜு,
பில்டரே ஒருத்தரை வச்சிருக்கார், ஃப்ரீ.
பேங்கிலும் ஒருத்தர் பார்ப்பார்.
ஈ.சி. எடுத்தாச்சு, வில்லங்கம் ‘நில்’.
ஒண்ணுமே இல்ல.

வேலூரில் சித்தப்பா மகன் வக்கீல்.
வாட்ஸப்பில் போடுக்கா, ரெண்டு நிமிஷம் என்றான்.
போட்டேன், நாற்பத்தொரு பக்கம்.
மூன்றாம் நாள் பதில்:
ஜிலேபி நல்லாருக்கு, அர்த்தம்தான் தெரியல.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஷானுபோகரின் கையெழுத்து.
எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுகிற நர்ஸ் நான்,
பதினாறு வருஷமாக இந்த ஊர் பஸ் போர்டும் படிக்கிறேன்.
தாய்ப்பத்திரத்தில் ஒரு வரி ஏறவில்லை.

எம்.ஜி. ரோட்டில் கண்ணாடிக் கதவு வைத்த ஆபீஸ்.
காபி கொடுத்தார்கள், பிஸ்கட்டும்.
பேசுவதற்கு முன்பே ஒரு தொகை சொன்னார்கள்.
ஹொரமாவுவா, அது எந்தப் பக்கம் என்று
டை கட்டிய பையன் கேட்டான்.
காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

வார்டு ஆயா நஞ்சம்மணிதான் சொன்னாள்,
ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு எதிர்வரிசை,
ஜெராக்ஸ் கடை மாடி, தாட்சாயிணி என்று கேளு.

என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
கோர்ட் தேதிகள், ஒரு சாமி படம்,
குழந்தையின் தடுப்பூசி அட்டை.
ஃபீஸ் ஐயாயிரம் என்றாள். எண்ணி வைத்தேன்.

கட்டைக் கடைசியிலிருந்து பிரித்தாள்.
யார் விற்றார், யார் வாங்கினார் எதையும் பார்க்கவில்லை,
நேராக செக்குபந்தி.
கிழக்கே ரோடு.
வடக்கே பதினேழாம் நம்பர் சைட்.
தெற்கே ராஜகாலுவே.
மேற்கே பில்லம்மா நிலம்.

விரல் மேற்கிலேயே நின்றது.

பிறகு நாடாவை முன்பு இருந்ததுபோலவே கட்டினாள்.
பணத்தை என் பக்கம் தள்ளினாள்.
இதை நான் பார்க்கக் கூடாது.
ஏன்?
காரணம் கேக்காதீங்க.
பத்திரத்தில் ஏதாவது தப்பா?
பத்திரத்தை நான் படிக்கவே இல்லையே.
வேறு வக்கீலிடம் போங்க,
ஆனா இங்க இருக்கிறவரா பாருங்க.
அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும்
யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

போன வாரமே ஒரு லட்சம் டோக்கன் கொடுத்திருந்தேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அவளால் சொல்ல முடியாதது ஒன்று இருந்தது,
என்னால் சொல்ல முடிந்தது ஒன்று.
குழந்தைக்கு பூஸ்டர் ரெண்டு வாரம் தாண்டிடுச்சு என்றேன்.
அட்டையைக் குனிந்து பார்த்தாள்.
முதல்முறையாக வக்கீல் முகம் போய்
வேறொரு முகம் வந்தது.

வெளியே பெஞ்சில் ஓர் அம்மாள்,
மடியில் வயர் கூடை,
கூடைக்குள் பாலிதீன் கவர்,
கவருக்குள் பழுத்த காகிதம்.
நான் போவதற்குக் காலை மடக்கிக்கொண்டாள்.
பெயர் கேட்க வாய் வரை வந்தது.
கேட்கவில்லை.

நில்.
ஒன்றுமே இல்லை என்று அர்த்தமாம்.
அதைத் தமிழாகவே படித்திருக்கலாம் நான்.

டோக்கன் திரும்பவில்லை.
முனிராஜு இப்போது என் போனை எடுப்பதில்லை.
வீட்டுக்காரர் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்,
படிக்காத பத்திரத்துக்கு பயந்து
ஒரு லட்சத்தை விட்டவள் நீ ஒருத்திதான்.
பதில் என்னிடம் இல்லை.

அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.
நைட் டியூட்டி முடிந்து வரும்போது பஸ்ஸிலிருந்து தெரியும்,
பச்சைத் திரைச்சீலை, மாடியில் துணி.
நன்றாகத்தான் இருக்கிறார்கள்.
மேற்குப் பக்கம் மட்டும்
ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்கிறேன்.
அங்கே இன்னும் வேலி போடவில்லை.